மாடு வாங்கும் முன் தட்டுப்போரைப் பார்

போன மாதம் தாராபுரம் பக்கத்து ஊரிலிருந்து சித்தப்பா மகன் கூப்பிட்டிருந்தான். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்ததும் விஷயத்துக்கு வந்தான். "அண்ணா, நீங்க குஜராத்துலதானுங்களே இருக்கறீங்க. அங்க நல்ல கிர் மாடு கிடைக்குமாமா? பாஞ்சு லிட்டர் கறக்குதுன்னு யூடியூப்ல காட்டறாங்க. ரெண்டு புடிச்சு அனுப்ப முடியுங்களா?"

நான் வதோதராவில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். எனக்கும் மாட்டுக்கும் இன்றைக்கு உள்ள உறவு, காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரிப்பதோடு சரி. ஆனால் இங்கிருந்து ஆனந்த் நாற்பது கிலோமீட்டர்தான். வந்த இத்தனை வருடங்களில் பால் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வைத்திருக்கிறேன். அதனாலோ என்னவோ, "சரிடா, பார்க்கறேன்" என்று சொல்ல உடனே வாய் வரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அவன் அப்பா, அதாவது என் சித்தப்பா, வாங்கிய ஒரு மாடு.

சித்தப்பா அந்தக் கறுப்பு வெள்ளை மாட்டை வாங்கியபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கடன் போட்டுத்தான் வாங்கினார். விற்றவர் "ரெண்டு வேளைக்கும் சேர்த்து பன்னெண்டு லிட்டர்" என்றார். அவர் பெரிதாகப் பொய் சொல்லிவிடவில்லை. வந்த வாரம் பத்து லிட்டர் கறந்தது. மூன்றாம் மாதம் நாலு லிட்டர். பருவத்துக்கே வரவில்லை. ஏதேதோ மருந்து, ஊசி எல்லாம் போட்டுப் பார்த்து அலுத்துப்போய், ஒன்றரை வருடத்தில் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்குத் தள்ளிவிட்டார். கடன் மட்டும் அதற்கப்புறமும் நாலு வருடம் எங்களைக் கறந்தது. "எனக்கு மாட்டு ராசி இல்லீங்க" என்று சித்தப்பா எல்லோரிடமும் சொல்வார். "சீமை மாடு நம்ம ஊருக்கு ஆகாது" என்பது வீட்டுப் பெரியவர்கள் சொன்ன தீர்ப்பு.

இப்போது அதே வீட்டில் "நாட்டு மாடுதான் சரி, அதிலும் கிர்" என்று அடுத்த தீர்ப்பு தயாராகிறது. இரண்டு தீர்ப்பிலும் கூண்டில் நிற்பது மாட்டின் ஜாதி மட்டும்தான். தாழியில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நூறு வருடத்துக்கு மேலாக இந்த நாடே பால் என்றதும் இனத்தைப் பற்றிப் பேசி, தீவனத்தைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறது.

முதலில் இந்த இனங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். பாலுக்குப் பெயர்போன சாஹிவால், மேற்குப் பஞ்சாபின் மான்ட்கோமரி மாவட்டத்தது (அந்த ஊருக்கே இன்று சாஹிவால் என்றுதான் பெயர், பாகிஸ்தானில் இருக்கிறது). சிவப்புச் சிந்தி, சிந்து மாகாணத்தது. தார்பார்க்கர், தார் பாலைவன ஓரத்தது. கிர், சௌராஷ்டிரத்தின் கிர் காட்டுப் பக்கம். எல்லாமே மழை குறைந்த வடமேற்கு. மாறாக மழை கொட்டுகிற வங்காளம், ஒடிஷா, கேரளம் எல்லாவற்றிலும் மாடு சின்னது, பால் கொஞ்சம். நம் காவிரி டெல்டாவின் உம்பளாச்சேரி மாடும் சேற்றில் உழத் தோதான சின்ன மாடுதான்.

நிறையத் தண்ணீரும் நிறையப் பச்சையும் இருக்கும் இடத்தில்தானே நல்ல கறவை மாடு இருக்கவேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நடந்தது தலைகீழ். நெல் விளைகிற ஊரில் நிலமெல்லாம் வயலாகிவிடும், மேய்ச்சலுக்கு இடமிருக்காது. மாட்டுக்கு மிஞ்சுவது வைக்கோல். அதில் புரதம் 3 அல்லது 4 சதவீதம்தான். வறண்ட பகுதியிலோ எல்லா நிலத்தையும் உழ முடியாது. மேய்ச்சல் மிஞ்சும். அங்கே முளைக்கும் புல் குறைவு என்றாலும் சத்து அதிகம். அங்கே வாழ்ந்த ரபாரி, சாரண் போன்ற மேய்ப்பர் சமூகங்கள் நெய் விற்றுப் பிழைத்தவர்கள். நன்றாகக் கறக்கிற மாட்டின் கன்றைத்தான் பொத்திப் பொத்தி வளர்ப்பார்கள். பல நூறு வருடம் இப்படி நடந்தால் ஒரு கறவை இனம் உருவாகிவிடும். ஆக, இனம் ஒரு பக்கம், தீவனம் ஒரு பக்கம் என்று பிரிப்பதே கொஞ்சம் தப்பு. அந்தந்த ஊர்த் தீவனமும் அந்தந்த ஊர் மக்களின் தேவையும் சேர்ந்துதான் இனத்தையே உண்டாக்கின.

எங்கள் காங்கேயம் மாடும் அப்படித்தான். கிளுவை முள்வேலி போட்ட கொரங்காட்டில், கொலுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் தின்று வளர்ந்த மாடு. ஆனால் எங்கள் முன்னோர் அதனிடம் கேட்டது பாலை இல்லை. கவலை இறைக்கவும் வண்டி இழுக்கவும் எருது கேட்டார்கள். பசு ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் கறந்தால் கன்றுக்குப் போக வீட்டு மோருக்கு ஆகும், அது போதும். கேட்டதை அந்த மாடு குறைவில்லாமல் கொடுத்தது. கேட்காததைக் கொடுக்கவில்லை என்று அதன் மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள் பாலுக்கென்றே தனியாக ஒரு கணக்கைக் கொண்டு வந்தது வெள்ளைக்காரப் பட்டாளம். கன்டோன்மென்ட்டில் இருந்த சிப்பாய்களுக்கும், முக்கியமாக ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்கும், சுத்தமான பாலும் வெண்ணெயும் வேண்டியிருந்தது. 1889-ல் அலகாபாத்தில் முதல் ராணுவப் பால் பண்ணை தொடங்கியது. அதற்கு முன்பே பாட்னாவில் கமிஷனராக இருந்த டெய்லர் இங்கிலாந்திலிருந்து ஷார்ட்ஹார்ன் காளைகளை வரவழைத்து உள்ளூர் மாட்டோடு சேர்த்துப் பார்த்திருந்தார். ராணுவம் அதைப் பெரிய அளவில் செய்தது. முதலில் அயர்ஷையர், பிறகு ஃப்ரீசியன் காளைகள். இந்தப் பக்கம் பெரும்பாலும் சாஹிவால் பசுக்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ராணுவத்தில் புல் பண்ணையும் பால் பண்ணையும் ஒரே துறையாக இருந்தன. குதிரைக்கு உலர்புல் சேர்த்து வைத்துப் பழகிய கை அது. மாட்டை வாங்குவதற்கு முன் தீவனத்துக்கு வழி செய்யவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதனால் கலப்பின மாடு அங்கே நன்றாகவே கறந்தது. அதைப் பார்த்துவிட்டு வெளியே இருந்தவர்கள் "கலப்பினம் நன்றாகக் கறக்கிறது" என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் இல்லை. இந்திய விவசாயத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்க அனுப்பப்பட்ட ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893-ல் வெளியான தன் அறிக்கையில், விறகுக்கும் தீவனத்துக்கும் என்று ஊருக்கு ஊர் தனியாகக் காட்டு நிலம் ஒதுக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். லின்லித்கோ தலைமையில் அமைந்த விவசாய ராயல் கமிஷனின் அறிக்கை 1928-ல் வந்தது. அதில் சொல்லப்பட்ட ஒரு விஷச் சுழல் இன்றைக்கும் பாடமாகப் படிக்கவேண்டியது. தீவனம் குறையக் குறைய மாடு மெலிகிறது. மெலிந்த பசு ஒழுங்காகச் சினை பிடிப்பதில்லை, பிறக்கும் கன்றும் சவலை. உழவுக்கு ஆகிற எருது கிடைக்கவேண்டும் என்று விவசாயி இன்னும் அதிக மாடுகளை வைத்துக்கொள்கிறான். மாடு கூடினால் இருக்கிற தீவனத்துக்குப் போட்டி கூடுகிறது. மறுபடியும் மெலிவு. அதாவது, நிலைமை எங்கே மிக மோசமோ அங்கேதான் மாட்டின் எண்ணிக்கை மிக அதிகம். அந்தச் சுழலுக்குள் உயர்ந்த ரகக் காளை ஒன்றை மட்டும் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்? அதன் கன்றும் சவலையாகத்தான் வளரும்.

ராணுவப் பண்ணைகள் இன்னொரு பெரிய உபகாரமும் செய்தன. ஒவ்வொரு மாடும் எத்தனை லிட்டர் கறந்தது, எத்தனை நாள் கறந்தது, எப்போது செத்தது என்று பல ஆண்டுகளுக்குப் பதிவேடு வைத்திருந்தார்கள். அந்த ஏடுகளை எடுத்து அம்ப்ளே, ஜெயின் என்ற இருவர் கணக்குப் போட்டு 1967-ல் வெளியிட்டார்கள். சீமை ரத்தம் கூடக்கூடப் பால் கூடிக்கொண்டே போகும் என்று எதிர்பார்ப்போம் இல்லையா? அப்படி இல்லை. பாதி அல்லது எட்டில் ஐந்து பங்கு ஃப்ரீசியன் ரத்தம் உள்ள மாடுகள்தான் மொத்தத்தில் லாபமாக நின்றன. அதற்கு மேலே போனால் பால் கூடவில்லை, சாவு கூடியது.

காரணம் வெயில். ஃப்ரீசியன் மாட்டுக்கு 25 டிகிரியைத் தாண்டினாலே கஷ்டம் ஆரம்பிக்கிறது. தீனி செரிக்கும்போதும் உடம்பு சூடாகும், பால் சுரக்கும்போதும் சூடாகும். வெளியிலும் சூடு என்றால் அந்த மாடு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் செய்வது தீனியைக் குறைப்பது. தீனி குறைந்தால் பால் குறையும். நம் திமில் மாட்டுக்கு வியர்வைச் சுரப்பிகள் அதிகம், தோல் தொங்கலாக விரிந்திருக்கும், ரோமம் குட்டை, உடம்பைத் தாங்கிக்கொள்ளத் தேவைப்படும் தீனியும் கம்மி. உண்ணிக்கும் அவ்வளவாக அஞ்சாது. ஆக, பாதிக்குப் பாதி என்பது ஒரு சமரசம். இங்கேயும் பாருங்கள், இனம் என்று நாம் நினைக்கிற காரணம், தீனியின் வழியாகத்தான் பாலைத் தொடுகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் எடுத்தது பெரும்பாலும் இனத்தின் பாதையைத்தான். அதற்குத் தோதான கருவியும் கையில் இருந்தது. 1939-லேயே மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் டாக்டர் சம்பத்குமாரன் செயற்கைக் கருவூட்டலைச் செய்து காட்டிவிட்டார். 1950-களின் தொடக்கத்தில் ஆதார கிராமத் திட்டம் வந்தது, 1960-களில் தீவிர கால்நடை அபிவிருத்தித் திட்டம். தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி, நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைக்கு ஃப்ரீசியன் என்று ஒரு கொள்கையே இருந்தது. மலைக்கு என்று ஒதுக்கியதன் அர்த்தம் மேலே சொன்ன 25 டிகிரிதான். அதையும் மீறித்தான் ஃப்ரீசியன் சந்தை வழியாகத் தாராபுரத்துக்கு இறங்கி வந்தது.

இந்தப் பாதையில் முழுமையாக நடந்த மாநிலம் கேரளம். 1963-ல் சுவிட்சர்லாந்தோடு ஒப்பந்தம் போட்டு, மூணாறு பக்கம் மாட்டுப்பெட்டியில் பிரவுன் சுவிஸ் காளைகளை வைத்துத் திட்டம் தொடங்கினார்கள். அதிலிருந்து வந்ததுதான் சுனந்தினி. இன்று கேரளத்துப் பசுக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கலப்பினம். பால் பெருகியது, அதை மறுக்க முடியாது. ஆனால் இரண்டு விலை கொடுக்கவேண்டியிருந்தது. 1961-ல் வந்த சட்டப்படி உரிமம் இல்லாமல் பொலிகாளை வைத்திருக்க முடியாது. நாட்டுக் காளைகள் காயடிக்கப்பட்டன. வைக்கம் பக்கத்து வெச்சூர் மாடு (90 சென்டிமீட்டர் உயரம்கூட வராத குட்டி மாடு) கிட்டத்தட்ட அழிந்தே போனது. 1989-ல் மண்ணுத்தியில் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி மிச்சமிருந்ததைச் சேர்த்தார்கள். இரண்டாவது விலை, தீவனம். கேரளத்தில் விளைகிற தீவனம் இத்தனை கலப்பின மாடுகளுக்குப் போதாது. பாலக்காட்டுப் பாதையில் போயிருப்பவர்கள் ரோட்டையே அடைத்துக்கொண்டு போகும் வைக்கோல் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டு வைக்கோல்தான் அங்கே பாலாகிறது.

வெச்சூர் மாடு மூன்று லிட்டர் வரை கறக்கும். தின்பதும் கொஞ்சம். ஒரு மாட்டுக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டால் அது தோற்கும். ஒரு கிலோ தீவனத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டால் அவ்வளவு லேசில் தோற்காது. இந்த இரண்டாவது கேள்வியை நாம் கேட்கவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

கேட்டவர்கள் இங்கே பக்கத்தில் இருந்தார்கள். ஆனந்துக்குப் பக்கத்தில் கஞ்சாரி என்று ஒரு ஊர். அமுலின் கால்நடைத் தீவனத் தொழிற்சாலை அங்கேதான். 1964 அக்டோபர் 31 அன்று அதைத் திறந்துவைக்க வந்தவர் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. முந்தின நாளே வந்து, அஜர்பூரா கிராமத்தில் ஒரு சாதாரண விவசாயி வீட்டில் இரவு தங்கி, ஊர்க்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் குரியனிடம் கேட்டதை குரியன் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். உங்கள் மண் எங்கள் கங்கைச் சமவெளியைவிட மேலானதில்லை, மழையும் அதிகமில்லை, உங்கள் எருமை எங்கள் உத்தரப் பிரதேசத்து எருமையைவிட உசத்தியும் இல்லை, பின்னே எப்படி இங்கே மட்டும் பால் பெருகுகிறது? அவரே கண்டுபிடித்த விடை, பண்ணையும் ஆலையும் விவசாயிகளுக்கே சொந்தமாக இருப்பது. அடுத்த வருடம், 1965-ல், தேசியப் பால்வள வாரியம் ஆனந்தில் தொடங்கப்பட்டது.

சாஸ்திரி வந்தது காளைப் பண்ணை திறக்க அல்ல, தீவன ஆலை திறக்க என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. கேடா மாவட்டத்துக்காரர்கள் வைத்திருந்தது பெரும்பாலும் உள்ளூர் எருமை. இனத்தை மாற்றவில்லை. கூட்டுறவு செய்தது, காலையும் மாலையும் ஊற்றிய பாலுக்குக் கொழுப்பு பார்த்துக் காசு கொடுத்தது. கையில் தினமும் காசு புழங்கினால்தான் விவசாயி பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வாங்குவான். நியாயமான விலைக்கு, கலப்படமில்லாத தீவனம் சங்கத்திலேயே கிடைத்தால் இன்னும் தைரியமாக வாங்குவான். இன்றைக்கும் இந்தியாவின் பாலில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு எருமையிடமிருந்துதான் வருகிறது.

சரி, தாழிக்குள் என்னதான் நடக்கிறது? நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். மாட்டுக்கு நாம் நேரடியாகத் தீனி போடுவதில்லை. அதன் முதல் வயிற்றில் இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகளுக்குப் போடுகிறோம். அவைதான் நாரை உடைத்துச் சத்தாக்குகின்றன. அவை பெருகவேண்டுமானால் தீனியில் ஏறக்குறைய 7 சதவீதமாவது புரதம் வேண்டும். 3 சதவீத வைக்கோலை மட்டும் போட்டால் நுண்ணுயிரி பட்டினி கிடக்கும், நார் உடையாது, உடையாத நார் வயிற்றை விட்டு நகராது. வயிறு நிறைந்திருப்பதால் மாடு மேற்கொண்டு தின்னாது. பார்க்க வயிறு உப்பி நன்றாகத் தெரியும். உள்ளே பட்டினி.

இதற்கு வழிகள் தெரிந்தே நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால் அதன் புரதம் இரண்டு மடங்காகிறது (யூரியாவை அப்படியே தின்னக் கொடுத்தால் மாடு செத்துப்போகும், அது வேறு). ஆஸ்திரேலியாவின் ரான் லெங், பால்வள வாரியத்தோடு சேர்ந்து 1980-களில் யூரியாவும் வெல்லப்பாகும் தாது உப்பும் சேர்த்த நக்கல் கட்டியைக் கொண்டு வந்தார். 2012-க்குப் பிறகு வாரியம் வீடு வீடாகப் போய், மாட்டுக்கு இருக்கிற தீவனத்தையே எந்த விகிதத்தில் போடவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. பல வீடுகளில் பால் கொஞ்சம் கூடியது, லிட்டருக்கான தீவனச் செலவு குறைந்தது. பால் உற்பத்திச் செலவில் 60, 70 சதவீதம் தீவனம்தான் என்னும்போது இது சின்ன விஷயமில்லை.

இருந்தும் ஏன் பரவவில்லை? சினை ஊசி போட ஐந்து நிமிடம். வைக்கோலை ஊறவைக்க ஒரு நாள் கூலி, குடம் குடமாகத் தண்ணீர். அது போக, ஊசியைப் பார்த்துக்கொள்ளக் கால்நடைத் துறை இருக்கிறது. தீவனத்துக்கு? மேய்க்கால் புறம்போக்கு வருவாய்த் துறையிடம், காட்டுப் புல் வனத்துறையிடம், தீவனப் பயிர் விவசாயத் துறையிடம். நாட்டின் சாகுபடி நிலத்தில் சுமார் 4 சதவீதத்தில்தான் தீவனப் பயிர் விளைகிறது. ராணுவம் ஒன்றாக வைத்திருந்ததை நாம் நாலாகப் பிரித்துவிட்டோம். அந்த ராணுவப் பண்ணைகளும் 132 வருடம் ஓடிவிட்டு, 2021 மார்ச் 31-ல் மூடப்பட்டன.

இப்போது சித்தப்பா மாட்டின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு பத்து லிட்டர் கறக்கவேண்டுமானால் ஒரு நாளைக்கு 20 கிலோ பசுந்தீவனம், 4 கிலோ தட்டு, 5 கிலோ அடர்தீவனம் வேண்டும். உடம்பைத் தாங்கப் பாதி, பாலுக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் மழை இல்லை. கிணற்றில் குடிக்கத்தான் தண்ணீர். மாட்டுக்குக் கிடைத்தது ஆறு கிலோ சோளத்தட்டும், ஆட்டிய பருத்திக்கொட்டை ஒரு கிலோவும். அது உடம்பைத் தாங்குவதற்கே சரியாகப் போகும். விற்றவர் வீட்டில் நன்றாகத் தின்றிருந்ததால் உடம்பில் கொழுப்பு இருந்தது. முதல் வாரம் கறந்த பத்து லிட்டர் அந்தக் கொழுப்பைக் கரைத்துக் கறந்தது. கொழுப்பு தீர்ந்ததும் பால் நாலுக்கு வந்தது. தன் உடம்பே தேய்ந்துகொண்டிருக்கும் மாடு பருவத்துக்கு வராது. அது நோயில்லை, இன்னொரு உயிரைச் சுமக்க இது நேரமில்லை என்று உடம்பு எடுக்கும் முடிவு.

அதே தட்டையும் பருத்திக்கொட்டையையும் பக்கத்துத் தோட்டத்துக் காங்கேயம் பசு தின்றது. இரண்டு லிட்டர் கறந்தது, அடுத்த வருடம் கன்றும் போட்டது. அந்தத் தாழிக்கு அது சரியான மாடு. சித்தப்பாவின் மாடு தப்பான மாடு இல்லை, வேறு ஒரு தாழிக்கான மாடு.

கிர் மாட்டுக்கும் இதே கதைதான். பிரேசில்காரர்கள் நம் கிர் மாட்டைக் கொண்டுபோனார்கள். 1960-களின் தொடக்கம் வரை கப்பல் போனது. அங்கே வருடக்கணக்கில் பால் அளந்து பதிவு செய்து, 1985-லிருந்து ஒவ்வொரு காளையையும் அதன் மகள்கள் கறப்பதை வைத்துச் சோதித்து, நல்ல மேய்ச்சலும் தீவனமும் கொடுத்துக் கறவை கிர்ரை உருவாக்கினார்கள். கிர்ரையும் ஃப்ரீசியனையும் சேர்த்து ஜிரோலாண்டோ என்று ஓர் இனமும் உண்டாக்கினார்கள். அதில் ஃப்ரீசியன் பங்கு எவ்வளவு தெரியுமா? எட்டில் ஐந்து. நம் ராணுவப் பண்ணை ஏடுகள் சொன்ன அதே கணக்கு. யூடியூப் படத்தில் வரும் பதினைந்து லிட்டர் கிர்ருக்குப் பின்னால் அப்படிப் பொறுக்கியெடுத்த வம்சமும் நிறைந்த தாழியும் இருக்கும். சந்தையில் கிர் என்று நெற்றியைக் காட்டி விற்கும் மாட்டுக்குப் பின்னால் எது இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இனம் முக்கியமில்லை என்று நான் சொல்லவரவில்லை. 2019 கணக்கெடுப்புப்படி நாட்டில் 19 கோடிக்கு மேல் மாடுகள், அதில் சீமை, கலப்பினம் சுமார் 5 கோடி. கலப்பினப் பசு சராசரியாக நாளைக்கு 8 கிலோ கறக்கிறது, நாட்டுப் பசு 3, 4 கிலோ. 1950-51-ல் 1.7 கோடி டன்னாக இருந்த பால் 2023-24-ல் சுமார் 24 கோடி டன் ஆனதில் இனத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் இனம் சொல்வது ஒரு மாடு அதிகபட்சம் எவ்வளவு கறக்க முடியும் என்பதை. உண்மையில் எவ்வளவு கறக்கும் என்பதைத் தாழி சொல்கிறது. வயிற்றுக்குக் கொடுக்க முடியாத மடியை வாங்கினால் மிஞ்சுவது கடன்தான்.

தம்பிக்குத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். "மாடு அப்புறம். முதல்ல மூணு விஷயம் சொல்லு. சித்திரை வைகாசியிலயும் அரை ஏக்கர் புல்லுக்குத் தண்ணி இருக்குமா? தட்டுப்போர் எத்தனை மாசத்துக்கு வரும்? பாலைத் தினமும் ஊத்திக் காசு வாங்க இடம் இருக்கா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப மாடு வேண்டாங்கறீங்களா, அண்ணா?"

"வேண்டாம்னு சொல்லலை. தண்ணி இருந்தா ஊர்லயே ரெண்டு ஈத்து கறந்த ஜெர்சி கலப்பு ஒண்ணு புடி. இல்லைன்னா காங்கேயம் ஒண்ணு போதும். எதுன்னாலும் புல்லு முளைச்சப்புறம்."

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கிணற்றடியில் கம்பு நேப்பியர் கரணை நட்டிருக்கிறான், பத்து சென்ட் இருக்கும். சித்தி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். சித்தப்பா போய் ஆறு வருடமாகிறது. கடைசி வரை தனக்கு மாட்டு ராசி இல்லை என்றே நம்பிக்கொண்டிருந்தார். அவர் மேலும் தப்பில்லை, அந்த மாட்டின் மேலும் தப்பில்லை என்பதை இந்தக் கணக்கோடு அவர் இருக்கும்போதே உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். அப்போது எனக்குத் தெரியவில்லை.